செவிலியர் பணியில் அன்பும் பரிவும்: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை பக்கத்து வார்டுகளில் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்கும், வீட்டோடு தங்கிப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிற பெண்களுக்கும் வாரத்தில் இரண்டு நாள் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் கேட்கிற சந்தேகத்தையே கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் கேட்கிறார், சிங்கப்பூரிலிருந்து போன் போடுகிற மகனும் கேட்கிறார். அதனால் எல்லாவற்றையும் ஓர் இடத்தில் எழுதிவைத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"ஊசி போடுறது, மாத்திரை கொடுக்கிறது, பிபி பாக்குறது. இதுதானே சிஸ்டர் நர்ஸ் வேலை? இதுல அன்பு, பரிவெல்லாம் எங்க வந்துச்சு?"

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளை (950) எடுத்துப் பாருங்கள். மருத்துவத்துக்கு நாலு கூறு சொல்கிறார்: நோய் உற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருந்து செய்கிறவர்தான் உழைச்செல்வான். மருந்துக்கும் மருத்துவருக்கும் சமமாக அவரை வைத்திருக்கிறார். பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையும் இதே நாலைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்கு நாலு குணம் வேண்டும் என்கிறது: பணிவிடை செய்யத் தெரிந்திருப்பது, கைத்திறன், அன்பு, சுத்தம். அன்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் தெரிந்திருப்பதும் கைத்திறனும் அதே பட்டியலில் இருக்கின்றன. இந்த நாலையும் பிரிக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

அமெரிக்காவில் விர்ஜீனியா ஹெண்டர்சன் என்ற நர்ஸ் இந்த வேலைக்கு ஒரு விளக்கம் சொன்னார். தெம்பும் மனசும் விவரமும் இருந்தால் நோயாளி தனக்குத் தானே எதைச் செய்துகொள்வாரோ, அதை அவருக்குச் செய்து கொடுப்பதுதான் நர்ஸ் வேலை என்றார். இரண்டு கையிலும் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருப்பவருக்கு மூக்கு அரித்தால் என்ன செய்வார்? அது எந்த கேஸ் ஷீட்டிலும் எழுதியிருக்காது. பக்கத்தில் இருப்பவர் பார்த்தால்தான் உண்டு.

"இரக்கம், பரிதாபம், பரிவு எல்லாம் ஒண்ணுதானே?"

இல்லை. பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன ஓர் ஆச்சியைப் பார்க்க உறவுக்காரர்கள் வந்தார்கள். "எப்படி இருந்த ஆச்சி, இப்படி ஆயிட்டாகளே" என்று கட்டிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று பேசிக்கொண்டார்கள். ஆச்சி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர்கள் போன பிறகு எங்கள் வார்டில் இருந்த ஒரு சின்னப் பெண், முதல் வருட ஸ்டாஃப் நர்ஸ், சீப்பை எடுத்து ஆச்சியின் இடது கையில் கொடுத்து, "முன்பக்கம் நீங்க வாருங்க, பின்பக்கம் நான் வாரிவிடுறேன்" என்றாள். வந்தவர்கள் காட்டியது பரிதாபம். அந்தப் பெண் காட்டியது பரிவு. பரிதாபம் நோயைத்தான் பார்த்தது. அந்தப் பெண்ணுக்கு இன்னும் வேலை செய்கிற இடது கை கண்ணில் பட்டது.

நம் பேச்சிலேயே இது இருக்கிறது. "அம்மாவை யார் பாத்துக்கிறா?" என்று கேட்கிறோம். "நல்லாக் கவனிச்சுக்கிட்டாங்க" என்கிறோம். பார், கவனி, இரண்டுமே கண்ணும் புத்தியும் செய்கிற வேலை. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது அதைப் பற்றித்தான்.

"அதெல்லாம் பிறவிக் குணம் இல்லையா? காலேஜ்ல சொல்லிக்கொடுத்து வருமா?"

வரும். இளகின மனசு சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இளகின மனசுக்காரர்களில் பாதிப் பேர் புண்ணைப் பார்த்ததும் வெளியே ஓடிவிடுவார்கள். கூடவே நிற்பதற்குப் பயிற்சி வேண்டும்.

நான் வகுப்பில் செய்யவைக்கிற ஒரு பயிற்சி இது. இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து, ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு படுக்க, இன்னொருத்தி இட்லியைப் பிசைந்து ஊட்ட வேண்டும். முதல் தடவை எல்லோரும் அவசரப்படுவார்கள். விழுங்குவதற்குள் அடுத்த கவளம் வாய்க்கு வந்துவிடும். தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாமல் படுத்திருப்பவள் கண் கலங்கிவிடும். அப்புறம் மாறி உட்காருவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எந்தப் பிள்ளையும் நின்றுகொண்டு ஊட்டுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தொண்டை அசைவதைப் பார்த்துத்தான் அடுத்த வாய் கொடுக்கிறார்கள். புரையேறாமல் இருப்பதற்கும் அதுதான் வழி.

இன்னொரு பயிற்சி, கண்ணை மூடிக்கொண்டு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தள்ளச் சொல்வது. திருப்பத்தில் சொல்லாமல் திருப்பினால் வயிறு எப்படிப் பிசைகிறது என்று தெரிந்துவிடும்.

"எனக்கு முகமே சிடுசிடுன்னுதான் இருக்கும். சிரிச்சுப் பேச வராது. நான் நல்ல நர்ஸ் ஆக முடியாதா?"

தாராளமாக ஆகலாம். என்னோடு வேலை பார்த்த ஒரு சீனியர் அக்கா டியூட்டியில் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஊசியைக் கையில் எடுத்தால் "இப்ப சுருக்குன்னு இருக்கும்" என்று சொல்லாமல் குத்த மாட்டார். பெட்பேன் கொடுத்தால் திரையை இழுக்காமல் நகர மாட்டார். "பத்து நிமிஷத்துல வரேன்" என்றால் வந்து நிற்பார். நோயாளிகள் அவரைத்தான் தேடுவார்கள்.

"வயசானவங்களை என்ன சொல்லிக் கூப்பிடணும்? பாட்டின்னு கூப்பிட்டா ஒருத்தங்க கோவிச்சுக்கிட்டாங்க."

கோபித்துக்கொள்வார்கள்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு ஆச்சி என்றால் பாட்டி. இங்கே செட்டிநாட்டில் ஆச்சி என்பது அக்காவுக்கும், பொதுவாகப் பெண்களை மரியாதையாக அழைக்கவும் உள்ள சொல். நாற்பது வயதுக்காரரையும் ஆச்சி என்போம். நகரத்தார் வீடுகளில் அப்பாவின் அம்மா அப்பத்தா, அம்மாவின் அம்மா ஆயா. வார்டில் துப்புரவு பார்க்கிறவரை நீங்கள் "ஆயா" என்று கூப்பிட்டால் பக்கத்துக் கட்டில் பேரனுக்குக் குழப்பமாக இருக்கும். அதனால் ஊகிக்க வேண்டாம், முதல் நாளே கேட்டுவிடுங்கள்: "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?"

எப்படியும் கூப்பிடக் கூடாத பெயர் ஒன்று உண்டு. "ஏழாம் பெட்டு", "அந்த இடுப்பு எலும்பு கேஸ்". அவர் காதில் விழாத இடத்தில் நின்று சொல்கிறோம் என்று நினைப்போம். விழும்.

"ஒரு நைட்டுக்கு நாப்பது பேரு, நர்ஸ் ரெண்டே பேரு. பரிவு காட்ட நேரம் எங்க இருக்கு?"

நியாயமான கேள்வி. வாயால் சமாளிக்கிற பதில் எதுவும் நான் சொல்லப்போவதில்லை. பொது வார்டில் ஆறு பேருக்கு ஒரு நர்ஸ் என்று மத்திய அரசு பார்த்துவைத்த அளவுகோல் ஒன்று உண்டு. நீங்கள் சொல்கிற கணக்கு அதற்குக் கிட்டேகூட வராது. 2002-ல் அமெரிக்காவில் லிண்டா ஐக்கன் குழு பென்சில்வேனியா மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளை வைத்து ஆய்வு செய்தது. ஒரு நர்ஸ் பார்க்கிற நோயாளிகளில் ஒருவர் கூடக் கூட, 30 நாளுக்குள் இறக்கிற வாய்ப்பு சுமார் 7 சதவீதம் ஏறுவதாகத் தெரிந்தது. ஆள் குறைவாக இருக்கும் வார்டில் "இன்னும் அன்பாக இருங்கள்" என்று நர்ஸுக்கு மட்டும் உபதேசம் செய்வது தவறு. ஆள் கேட்டு எழுதுவதும், கூட்டமாகப் போய்க் கேட்பதும் நோயாளிகளுக்காகச் செய்கிற வேலையே.

அது ஒரு பக்கம். இன்று ராத்திரி அந்த நாற்பது பேர் இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன செய்வது? தனியாக நேரம் எடுக்காத விஷயங்கள் சில உண்டு. தொடுவதற்கு முன்னால் சொல்வது. டிரிப்ஸ் மாற்றுகிற அந்த அரை நிமிடம் கண்ணைப் பார்த்துப் பேசுவது. தண்ணீர்ச் செம்பைக் கைக்கு எட்டும் பக்கம் நகர்த்திவைப்பது (பக்கவாதம் வந்தவருக்கு விழாத கைப் பக்கம்). டியூட்டி ஏறியதும் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்து, "ராத்திரி நான்தான் இருக்கேன்" என்று சொல்வது. இந்த ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம் போகும். ஆனால் அதற்கப்புறம் "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிடுவது பாதியாகக் குறையும். ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பயம் அடங்குகிறது. இது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது.

"சில பேரு சும்மா சும்மா கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. வலி வலிங்கிறாங்க. நடிக்கிறாங்களோன்னு தோணுது."

எனக்கும் தோன்றியிருக்கிறது, அதனால் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு மருத்துவமனையில் நைட் டியூட்டி. ஆபரேஷன் முடிந்த ஒரு பெரியவர் "அடிவயிறு, அடிவயிறு" என்று மூன்று தடவை கூப்பிட்டார். ஏற்கெனவே வலி ஊசி போட்டாயிற்று, கேதீட்டரும் (சிறுநீர் வெளியேற வைக்கிற குழாய்) இருக்கிறது, அதனால் புலம்புகிறார் என்று நினைத்து "தூங்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். பெருக்க வந்த அக்காதான் சொன்னார்: "சிஸ்டர், இவருக்கு மூத்திரப் பை காலியாவே இருக்கே." போய்ப் பார்த்தால் குழாய் தொடைக்கு அடியில் மாட்டி மடங்கியிருந்தது. நிமிர்த்திவிட்டதும் பை மளமளவென்று நிறைந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அன்றைக்கு எனக்கு மனசு இல்லாமல் இல்லை. நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த அக்கா பார்த்தார்.

வலி என்பது அனுபவிக்கிறவர் சொல்வதுதான் என்று மார்கோ மெக்காஃபரி என்ற நர்ஸ் 1968-லேயே சொல்லிவிட்டார். ரத்தப் பரிசோதனை மாதிரி வலியை அளக்கக் கருவி கிடையாது. பூஜ்யம் முதல் பத்து வரை எவ்வளவு என்று கேட்கலாம். ஆனால் நம் ஆட்களுக்கு எண்ணை விடச் சொல் நன்றாக வரும். குத்தல், குடைச்சல், உளைச்சல், எரிச்சல், கடுப்பு, பிடிப்பு, விண்விண்ணென்று தெறிப்பது என்று தமிழில் வலிக்கு எத்தனை சொல்! ஒவ்வொன்றும் ஒரு தகவல். சுகர்க்காரர் பாதம் எரிகிறது என்றால் நரம்பை நினைக்க வேண்டும். ஒரு கட்டி விண்விண்ணென்று தெறித்தால் உள்ளே சீழ் வைத்திருக்கலாம். "நெஞ்சுல வாயு பிடிச்சிருக்கு, வேர்க்குது" என்று ஒருவர் சொன்னால் ஓமத்தண்ணீர் தேடாமல் உடனே ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். பெண்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் மாரடைப்பு பெரிய நெஞ்சுவலி இல்லாமலும் வரும். அவர்கள் சொன்ன சொல்லை மாற்றாமல் அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். "பேஷன்ட் கம்ப்ளெய்ண்ட் பண்றாங்க" என்று சுருக்கினால் தகவல் போய்விடும்.

"அம்மாவை வீட்ல வச்சு அன்பாத்தான் பாக்குறோம். வேளாவேளைக்கு சாப்பாடு, புதுச் சேலை, எல்லாம். ஆனாலும் முதுகுல புண்ணு வந்திருச்சு. நாங்க என்ன குறை வச்சோம்?"

அன்பில் குறை இல்லை. விவரம்தான் உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி ரத்தம் ஓடாது. அந்த இடம் செத்துப் புண்ணாகும். அடிமுதுகு, இடுப்புப் பக்கம், குதிகால், இந்த மூன்றையும் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்கவே இல்லை என்றால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தை விடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் எச்சரிக்கை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஒரு தாளை ஒட்டி "வலது, நேர், இடது" என்று குறித்துக்கொண்டே வாருங்கள். திருப்பும்போது இழுக்காதீர்கள், தோல் உரிந்துவிடும். அடியில் ஒரு போர்வையை மடித்துப் போட்டு, இரண்டு பேர் அதைப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும். சிவந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது, அடியில் உள்ள சதை இன்னும் கெடும். நடுவில் ஓட்டை வைத்த வளையத் தலையணையும் வேண்டாம். காற்று மெத்தை வாங்கினால் நல்லது, ஆனால் மெத்தை இருக்கிறது என்று திருப்பாமல் விட்டுவிடக் கூடாது. மூத்திர ஈரம் பட்டவுடன் துடைத்து உலர்த்துங்கள். முட்டை, பருப்பு, மீன், எது பிடிக்குமோ அதைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், சதை வளர அது வேண்டும். புண் ஆழமாகவோ நாற்றமாகவோ இருந்தால் வீட்டு மருந்து பார்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

"ஊர்ல பெரிய வீடு. அப்பத்தா ஒத்தையா இருக்காங்க, வரமாட்டேங்கிறாங்க. வெளிநாட்டுல இருந்துக்கிட்டு நான் என்ன செய்ய முடியும்?"

வரமாட்டேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வளவில்தான் (வீட்டின் நடு முற்றத்துப் பகுதி) அவர் கல்யாணம் முடிந்து வந்து இறங்கினார். சென்னை அடுக்குமாடியில் பகலில் பேச ஆள் கிடையாது. அதை முதலில் மதியுங்கள். அப்புறம் வீட்டை ஒரு நர்ஸ் கண்ணால் பாருங்கள்.

நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முகப்புப் பக்கம் படுக்கை, கழிவறை பின்கட்டில். ராத்திரி இரண்டு மணிக்குப் பெரியவர் ஒருவர் உயர்ந்த நிலைப்படிகளைத் தாண்டி, வளவின் ஓரமாக இருட்டில் நடந்து போக வேண்டும். மழை பெய்தால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் வழுக்கும். இடுப்பு எலும்பு முறிந்து என் வார்டுக்கு வந்த பல பேர் இந்த ராத்திரி நடையில் விழுந்தவர்கள். படுக்கையைக் கழிவறைக்குப் பக்கத்து அறைக்கு மாற்றுங்கள். மாற்றச் சம்மதிக்கவில்லை என்றால் கட்டிலருகே கம்மோடு சேர் (உட்கார்ந்தபடியே மலம், சிறுநீர் கழிக்கிற நாற்காலி) வையுங்கள். வழி நெடுக ராத்திரி விளக்கு, நிலைப்படியில் பளிச்சென்று ஒரு வண்ணப் பட்டை, சுவரில் கைப்பிடி. எல்லாம் சேர்த்தும் நீங்கள் ஒரு தடவை வந்து போகிற விமான டிக்கெட்டை விடக் குறைவாகவே ஆகும்.

துணைக்கு வைக்கிற பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்குப் படுக்க நல்ல இடம், அதே அடுப்பில் சமைத்த சாப்பாடு, வாரத்தில் ஒரு நாள் விடுப்பு, மாதம் தவறாத சம்பளம் கொடுங்கள். கேமராவில் பார்த்துக் குற்றம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் நிற்க மாட்டார். அப்பத்தாவுக்கு மாதா மாதம் புது முகம் பழக வேண்டிவரும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலிதணிப்புப் பராமரிப்பும் இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். முதியோர் உதவி எண் 14567.

"ஆம்பளை நர்ஸ் வந்து அம்மாவைக் குளிப்பாட்டலாமா? கூச்சமா இருக்காதா?"

இருக்கும். அப்பாவைப் பெண் நர்ஸ் குளிப்பாட்டினாலும் அதே கூச்சம்தான், ஆண்கள் வெளியே சொல்வதில்லை. முதலில் கேட்க வேண்டும். மாற்று ஆள் இருந்தால் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் திரையை இழுத்து, உடம்பு முழுவதையும் மூடி, துடைக்கிற பகுதியை மட்டும் திறந்து, முடித்ததும் மூடி, அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். கை எட்டினால் மறைவிடத்தை அவரே துடைத்துக்கொள்ளத் துணியை நனைத்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.

"நோயாளி கெட்ட வார்த்தையில திட்டுறாங்க, கை நீட்டுறாங்க. அவங்ககிட்டயும் பரிவா இருக்கணுமா?"

முதலில், ஏன் என்று பாருங்கள். நேற்று வரை நிதானமாகப் பேசிய பெரியவர் இன்று சாயங்காலம் திடீரென்று ஆளை மாற்றிச் சொல்லி, ஊசியைப் பிடுங்கி, அடிக்க வந்தால், அது குணம் இல்லை. சுகர் இறங்கியிருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம், சிறுநீரில் தொற்று இருக்கலாம், ஆக்சிஜன் போதாமல் இருக்கலாம். மேலே சொன்ன மடங்கிய குழாயாகக்கூட இருக்கலாம். இதை "வயசான கிறுக்கு" என்று விட்டால் உயிர் போகும். டாக்டரைக் கூப்பிடுங்கள். விளக்கைப் போட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, தெரிந்த முகம் ஒன்றைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கூட வந்தவர் குடித்துவிட்டு வந்து கை ஓங்கினால் அது வேறு கதை. அங்கே பொறுத்துப் போக வேண்டியதில்லை. மருத்துவப் பணியாளர்கள் மேல் வன்முறையைத் தடுக்க 2008-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது, நர்ஸும் அதில் அடக்கம். விலகி நில்லுங்கள், ஆள் கூப்பிடுங்கள், எழுத்தில் புகார் கொடுங்கள்.

"அப்பாவுக்குக் கேன்சர்னு சொல்லாதீங்கன்னு வீட்ல சொல்றாங்க. அவரோ 'எனக்கு என்னம்மா'ன்னு என் கையைப் பிடிச்சுக் கேக்குறாரு. நான் என்ன சொல்ல?"

இந்தப் பக்கத்திலேயே கஷ்டமான கேள்வி இதுதான். நோயின் பெயரை முதலில் சொல்ல வேண்டியவர் டாக்டர். அதற்காக நீங்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை. "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் நர்சிங் பற்றி எழுதிய சின்ன நூலில், இப்படி வாய்க்கு வந்த நம்பிக்கை சொல்வதைக் கண்டித்து ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். நோயாளிக்கு அது ஆறுதல் தராது, தன் கவலையைச் சொல்ல இருந்த வழியையும் அடைத்துவிடும்.

நான் செய்வது இதுதான். உட்கார்ந்துவிடுவேன். "உங்களுக்கு என்ன தோணுது ஐயா?" என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். சிலர் "பேத்தி கல்யாணம் வரைக்கும் இருப்பேனா?" என்பார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது நோயின் பெயர் இல்லை, கையில் உள்ள நாள் கணக்கு. அப்புறம் வெளியே போய் வீட்டாரிடம், "அவர் கேட்கிறார், எவ்வளவு தெரிய வேண்டும் என்று அவரே சொல்லட்டும், டாக்டரோடு சேர்ந்து உட்கார்ந்து பேசலாம்" என்பேன். வீட்டார் மறைப்பதும் பாசத்தால்தான், அவர்கள் மேல் கோபப்படக் கூடாது. ஆனால் பத்து நாள் எல்லோரும் அவர் முன்னால் நடித்து, அவரும் தெரியாதது மாதிரி நடித்து, கடைசியில் சொல்ல வேண்டியது எதையும் சொல்லாமல் போனவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

"கடைசி நேரத்துல பால் ஊத்தலாமா?"

உறவுகள் ஒவ்வொருவராக வந்து பால் ஊற்றுவது நம் வழக்கம், அதன் அர்த்தம் எனக்கும் தெரியும். ஆனால் நினைவில்லாதவர் வாயில் கரண்டியால் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குப் போகும், திணறுவார். பஞ்சைப் பாலில் நனைத்துப் பிழிந்து உதட்டில் தடவுங்கள். வழக்கமும் நிறைவேறும், வாயும் காயாது. சாப்பிடவில்லையே என்று திணிக்கவும் வேண்டாம், உடம்பு ஓய்கிற நேரத்தில் பசி இருக்காது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றே வைத்துப் பேசுங்கள். நகைப் பங்கு, சடங்குச் செலவு எல்லாம் அந்த அறைக்கு வெளியே.

லண்டனில் 1967-ல் சாகப்போகிற நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் செயிண்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸாகப் படித்தவர், பிறகுதான் டாக்டரானார். உடம்பு வலியோடு மன வலி, குடும்பக் கவலை, தெய்வத்திடம் உள்ள கேள்வி எல்லாம் சேர்ந்ததுதான் மொத்த வலி என்றார். சாகப்போகிறவர் கால் வலிக்கிறது என்று சொல்லும்போது காலை மட்டும் பார்த்தால் போதாது என்று நான் சொல்வது அதனால்தான்.

"முதல்ல எல்லாம் யாராவது இறந்தா அழுவேன். இப்ப ஒண்ணுமே உறைக்கலை. நான் கல்லாயிட்டேனா?"

இல்லை, களைத்துப்போயிருக்கிறீர்கள். பரிவுக் களைப்பு என்று இதற்குப் பெயரே உண்டு. நர்ஸுகள் விஷயத்தில் 1992-லிருந்து இதைப் பற்றி எழுதிவருகிறார்கள். அழுவதில் தப்பே இல்லை, நோயாளியே உங்களைத் தேற்ற வேண்டிய அளவுக்குப் போகாமல் இருந்தால் சரி. அழுகை வராததும் குற்றம் இல்லை. எரிந்து விழுவது, டியூட்டிக்குக் கிளம்பும்போதே வயிற்றைக் கலக்குவது, வீட்டில் குழந்தையோடு பேசப் பிடிக்காதது, தூக்கம் கெடுவது, இவை வந்தால் உதவி கேட்க வேண்டும். தொடர்ந்து நைட் போடுவதை மாற்றக் கேளுங்கள். ஒரு மரணம் நடந்த ஷிஃப்ட் முடிந்ததும் கூட இருந்தவரோடு டீ குடித்து, நடந்ததைப் பேசிவிட்டு வீட்டுக்குப் போங்கள். அது போதாமல் போனால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். நாற்பது பேருக்கு இரண்டு பேர் என்ற கேள்விக்கு முதலில் சொன்ன பதில் இங்கேயும் பொருந்தும். களைப்பின் காரணம் பல நேரம் உங்கள் மனசில் இல்லை, டியூட்டி சார்ட்டில் இருக்கிறது.

"ஆச்சி எனக்குச் சேலை எடுத்துக் கொடுக்கிறாங்க, தங்கக் காசு கூடக் கொடுக்க வர்றாங்க. மக மாதிரிங்கிறாங்க. வாங்கலாமா?"

கந்தரப்பமும் சீடையும் கொடுத்தால் வார்டில் எல்லோரோடும் பகிர்ந்து சாப்பிடுங்கள். சேலை என்றால் அவருடைய பிள்ளைகளுக்குத் தெரிந்து கொடுக்கட்டும். பணம், தங்கம், பாஸ்புக், ஏடிஎம் கார்டு, பெட்டிச் சாவி, உயிலில் சாட்சிக் கையெழுத்து, இவை எதுவும் வேண்டாம். அவர் நோயில் இருக்கிறார், உங்களை நம்பி இருக்கிறார், "வேண்டாம்" என்று உங்களிடம் சொல்லும் நிலையில் இல்லை. அதனால்தான் இந்த எல்லை. "மக மாதிரின்னு சொன்னதே போதும் ஆச்சி" என்று கையைப் பிடித்துச் சொன்னால் புரிந்துகொள்வார்.

"நான் பார்த்துக்கிட்டவங்க இறந்துட்டாங்க. கேதம் கேக்கப் போகலாமா, இல்ல அது எல்லை மீறுறதா?"

போகலாம். வீட்டில் வேலை பார்த்திருந்தால் போவதுதான் முறை. காரியமெல்லாம் முடிந்து கூட்டம் குறைந்த பிறகு போனால் இன்னும் நல்லது.

வெளியூரிலிருந்து கடைசி நேரத்துக்கு வந்து சேர முடியாத மகனோ மகளோ உங்களைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றைக் கேட்பார்கள். கடைசியா என்ன சாப்பிட்டாங்க, வலியில்லாம இருந்தாங்களா, யாரையாவது தேடினாங்களா. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நடந்ததை நடந்தபடி, மெதுவாகச் சொல்லுங்கள். "நாலு வாய் கஞ்சி குடிச்சாங்க. ஜன்னலைத் திறக்கச் சொன்னாங்க. உங்க பேரை ரெண்டு தடவை சொன்னாங்க." சொல்லாத ஒன்றைச் சொன்னதாகச் சேர்க்காதீர்கள். அவர்கள் மறுபடி கேட்டால் மறுபடியும் சொல்லுங்கள், எத்தனை தடவை கேட்டாலும்.